நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு

காரைக்காலில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. காணும் பொங்கலன்று திருக்கடையூர் எல்கைப் பந்தயத்தில் தொடங்கும் எங்கள் ரேக்ளா சீசன், சித்திரை வைகாசித் திருவிழாப் பந்தயங்களில் சூடுபிடித்து, ஆடியோடு அடங்கிவிடும். ஆடி முடிந்த ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அந்த வருசத்தைப் பேசித் தீர்ப்போம். ஆளுக்கு நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு. நேரில் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். செல்போனில் பார்த்ததைச் சொன்னால் அந்த ஆள் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும்.

இருபது வருசத்துக்கு மேலாக இந்தக் கதைகளைக் கேட்டுவருகிறேன். சொல்லும் முறையில், எங்கே நிறுத்துவது எங்கே எட்டிப் பிடிப்பது என்ற கணக்கில், நான் போய்வந்த பல இலக்கியக் கூட்டங்களைவிட அந்த பெஞ்சில் அதிகம் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதும்போது எதைப் பார்ப்போமோ, அதை இந்தக் கதைகளிடமும் பார்த்தால் என்ன என்று தோன்றியது. என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எதை விட்டுவிடுகிறார்கள் என்று. ரசிகனாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது அந்தக் கதைகளின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலிலிருந்து வடக்கே கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. பொறையார், தரங்கம்பாடி, அப்புறம் திருக்கடையூர். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வருவது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், விலை குறைவு. வருசத்தில் ஒருநாள்தான் கூட்டம் தலைகீழாகப் போகும். காணும் பொங்கலன்று எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லையைத் தாண்டி அங்கே போவார்கள். கோயிலுக்கு இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒருபக்கம் மாலையும் கழுத்துமாக நிற்க, தரங்கம்பாடி சாலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். முதலில் மாட்டுவண்டிகள், அப்புறம் குதிரைவண்டிகள். குதிரையில் கரிச்சான், நடு, பெரிய குதிரை என்று உயரத்தை வைத்துப் பிரிவு. வண்டி புறப்பட்டு எல்கையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

இதில் கதைசொல்லிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் இந்தக் கதைகளின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. பந்தயம் பல கிலோமீட்டர் நீளம். நீங்கள் நிற்பது ஒரே இடத்தில். போகும்போது பத்து நொடி, வரும்போது பத்து நொடி. நடுவில் வெறும் சாலையும் போலீஸ்காரர் விசிலும்தான். ஒரு முழுப் பந்தயத்தைப் பார்த்த ரசிகர் என்று ரேக்ளாவில் யாருமே கிடையாது. சாரதிக்கே தனக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது. ஆகையால் கதை சாயந்திரம்தான் உருவாகிறது. புளியமரத்தடியில் நின்றவர், பாலத்துக்கிட்ட நின்றவர், எல்கையில் நின்றவர் என்று ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து தைக்கிறார்கள். "போகும்போது மூணாவதாப் போனான்யா, திரும்பி வர்றப்ப பாத்தா மொதல்ல வர்றான். நடுவுல என்ன நடந்துச்சின்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல" என்று டீக்கடை அண்ணன் சொன்ன ஒரு கதை உண்டு. அவர் பதினைந்து வருசமாக அதை நல்லது என்றே சொல்லிவருகிறார். யாராவது அந்த நடுவைச் சொல்ல வந்தால் கேட்க மாட்டார். எனக்குப் பிடித்த கதை அது. தெரியாமல் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் அவர்.

இதோடு கிண்டி ரேஸ் கதைகளை வைத்துப் பாருங்கள். சென்னையில் நான் வேலைபார்த்த நாட்களில் அறையில் உடனிருந்தவர் ஒருவர் விடாமல் கிண்டி போகிறவர். அங்கே ஸ்டாண்டில் உட்கார்ந்தால் மொத்த வட்டமும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பைனாகுலர் வேறு. கையில் ரேஸ் புத்தகம், அதில் குதிரையின் அப்பன், ஆத்தாள், போன ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கி பெயர். எல்லாம் தெரிந்த இடத்தில் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அவருடைய நல்ல நினைவு எல்லாமே "எனக்கு அப்பவே தெரியும்" என்று முடியும். கெட்ட நினைவு எல்லாமே "எனக்குத் தெரிஞ்சும் கடைசி நிமிசத்துல மாத்திட்டேன்" என்று முடியும். டானாலாவில் மூன்றாவது குதிரையை மாற்றியது, ஜாக்பாட்டில் நாலு ரேஸ் சரியாக வந்து ஐந்தாவதில் போனது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமையின் ஆட்டம் என்று. என் அறைநண்பர் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு கதையையும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்வது போலத்தான் சொல்வார். தோற்றது அதிர்ஷ்டத்தால் அல்ல, தன் புத்தி தடுமாறியதால். 2024 செப்டம்பரில் அரசு கிண்டி குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேல் நிலத்தைக் கையில் எடுத்தபோது அவருக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதையும் நான் முன்னாடியே சொன்னேன்ல" என்றார்.

கிண்டிக் கதைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சொல்கிறவர் தன்னைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை. ஆனால் அவற்றில் ஒன்று இருந்தது. குதிரைக்குப் பெயர் இருந்தது. பிறந்த குட்டி பதிவேட்டில் ஏறும், பெயர் 18 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, புகழ்பெற்ற குதிரையின் பெயரை இன்னொன்றுக்கு வைக்கக்கூடாது என்றெல்லாம் அங்கே விதி. அறைநண்பர் சீட்டில் நம்பரைத்தான் எழுதுவார், ஆனால் கதையில் பெயரைத்தான் சொல்வார். எங்கள் டீக்கடைக் கதைகளில் குதிரைக்குப் பெயர் இல்லை என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான். அதுவும் உடனே அல்ல. அதை முழுசாகப் புரியவைத்தவர் பாரிசிலிருந்து வந்த என் சித்தப்பா.

காரைக்காலைத் தெரியாதவர்களுக்காக: எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பார்கள். சித்தப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. சித்தப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே வேலை முடிந்து போகிற இடம் பே எம் யூ பலகை மாட்டிய காப்பிக்கடை. சிகரெட் விற்கும், காப்பி விற்கும், குதிரைக்குச் சீட்டும் விற்கும். முதல் மூன்று குதிரைகளைச் சொல்லும் தியெர்சே ஆட்டம் 1954இல் தொடங்கியது. எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் இந்தியாவிடம் கொடுத்ததும் அதே 1954 நவம்பரில்தான். "அவன் கையவுட்டு எங்க ஊரு போச்சி, எங்க கையவுட்டுக் காசு போச்சி" என்பார் சித்தப்பா.

ஆனால் அவர் காசுக் கதை அதிகம் சொல்லமாட்டார். பாரிசை ஒட்டிய வேன்சென் மைதானத்தில் நடக்கும் பந்தயத்தில் ஜாக்கி குதிரைமேல் உட்காருவதில்லை. குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு சின்ன வண்டி, அதில் சாரதி. முதல்முறை டிவியில் பார்த்தபோது "அட, நம்ம ரேக்ளா!" என்று காப்பிக்கடையில் தமிழிலேயே கத்திவிட்டாராம். ஒரே வித்தியாசம், அங்கே குதிரை எட்டுநடையில்தான் ஓட வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறி அதிலேயே போனால் ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்த வகையில் பெரிய பந்தயம் ப்ரீ தாமெரிக். 1920இலிருந்து நடக்கிறது, ஜனவரி கடைசி ஞாயிறு. அதாவது காணும் பொங்கல் கழிந்து பத்துப் பதினைந்து நாளில். அங்கே குளிரில் நின்றுகொண்டு சித்தப்பா மனசுக்குள் திருக்கடையூர் சாலையில்தான் நின்றிருக்கிறார்.

அவர் ஊருக்கு வந்திருந்த ஒரு ஆவணியில் எங்கள் பெஞ்சில் உட்கார வைத்தோம். நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு. அவர் சொன்னது ஊராஸி என்ற குதிரையின் கதை. அவர் வாயில் அது 'ஊர்ராசி' என்று வரும். 1986, 87, 88 என்று மூன்று வருசம் தொடர்ந்து ப்ரீ தாமெரிக் ஜெயித்த குதிரை. ஓட்டியவர் ழான்-ரெனே கூழோன். பந்தயத்தில் அலட்டிக்கொள்ளாத குதிரை என்பதால் சோம்பேறி ராஜா என்று பட்டப்பெயர். 89இல் நாலாவது முறையும் ஜெயிக்கும் என்று மொத்த பிரான்சும் உட்கார்ந்திருந்தது. தோற்றுவிட்டது. ஜெயித்தது கெய்லா ஜெதே என்ற பெட்டைக்குதிரை. சித்தப்பா அன்றைக்குக் காப்பிக்கடையிலிருந்து ரயில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனாராம். இது கெட்டது. 1990இல், பத்து வயசில், ஊராஸி திரும்பி வந்தது. இந்த முறை வண்டியில் உட்கார்ந்தது ழான்-ரெனேயின் தம்பி மிஷேல்-மார்செல். ஜெயித்தது. நாலு முறை அந்தப் பந்தயத்தை ஜெயித்த குதிரை அது ஒன்றுதான். இது நல்லது.

இதில் எங்கள் பெஞ்சை அசைத்தது வெற்றி தோல்வி அல்ல. "பத்து வயசுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் சித்தப்பா?" என்று நான் கேட்டேன். "பேர்லயே இருக்கேடா" என்றார். பிரான்சில் அந்த ஓட்டக் குதிரைகளுக்கு, பிறந்த வருசத்துக்கு ஒரு எழுத்து. 1980இல் பிறந்தது எல்லாம் 'ஓ' எழுத்து. ஊராஸி அந்த எழுத்து. அதுக்கு ரெண்டு வருசம் தள்ளி 'க்யூ', அது கெய்லா ஜெதே. பெயரைச் சொன்னால் வயசு தெரியும். "அதனாலதான் எனக்குக் கோவம். பத்து வயசுக் குதிரைய ஆறு வயசு ஏழு வயசோட ஓடவுட்டுப் பாக்குறோம்ல?" 2013 ஜனவரியில், 32 வயசில், ஊராஸி செத்துப்போனது. சித்தப்பா காரைக்காலுக்கு போன் போட்டு என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஒரு சாவுச் செய்தி வருவது போலத்தான் வந்தது. பக்கத்து வீட்டில் யாரென்று கேட்டார்கள். குதிரை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த போனுக்குப் பிறகுதான் எங்கள் கதைகளைத் திரும்பக் கேட்டுப்பார்த்தேன். டீக்கடை அண்ணன் மூணாவதாகப் போய் முதலாவதாக வந்ததாகச் சொல்கிறாரே, அது யார்? ஒரு மனிதர். வண்டி உரிமையாளரின் பெயரும் ஊரும். "புதுக்கோட்டையான்", "தஞ்சாவூரான்", இன்னார் மகன். ஓடியது அவரா? நாளிதழ் செய்தியும் இதே இலக்கணம்தான். முதல் பரிசு இன்ன ஊர் இன்னார், இரண்டாம் பரிசு இன்ன ஊர் இன்னார், பரிசு வழங்கியவர் இன்னார், முன்னிலை வகித்தவர்கள் இன்னார் இன்னார். ஒரு பத்தியில் இருபது பெயர் இருக்கும், ஓடியதின் பெயர் மட்டும் இருக்காது. இப்போது யூடியூபில் ரேக்ளா வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. பைக்கில் பின்னால் உட்கார்ந்து எடுப்பது, சிலது டிரோனில். குதிரையின் முகம், நுரை, மூக்கு விரிவது எல்லாம் இவ்வளவு கிட்டத்தில் முன்பு யாரும் பார்த்ததில்லை. சாலையில் பத்து நொடி பார்த்த எங்களுக்கு அது ஒரு அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடியோவின் தலைப்பில் திரும்பவும் உரிமையாளர் பெயர், சாரதி பெயர், மேலே ஒரு சினிமாப் பாட்டு. பாட்டைப் போட்டதும் குளம்புச் சத்தம் போய்விடுகிறது. தார்ச் சாலையில் லாடம் அடிக்கும் அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் எல்லை தாண்டிப் போவது. அதை எடுத்துவிட்டால் மீதி என்ன?

இது நம் வழக்கமே, இங்கே குதிரைக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. சங்க காலத்து மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர். யார் பெயர் யாருக்குப் போனது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. அதுவே ஒரு மரியாதை. தேசிங்குராஜன் கதைப்பாடலில் பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளைப் பெயர் சொல்லித்தான் பாடுகிறார்கள். கேட்கிறவனுக்கு அந்தக் குதிரைகள் கதைமாந்தர்தான். பாடியவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அழுகிற இடத்தில் கூப்பிட.

இன்னொரு பழைய சாட்சியும் உண்டு, அது நமக்குப் பெருமையானதல்ல. நம் மண்ணில் நல்ல குதிரை விளையாது. கடல் வழியாகத்தான் வந்தது. திருக்கடையூருக்கு வடக்கே இருக்கிற பூம்புகாரில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் வருசா வருசம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருசம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று எழுதிவைத்தார். வெளிநாட்டுக்காரர், கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் செத்த குதிரைக்குப் பதில் அடுத்த கப்பலில் இன்னொன்று வரும் என்று இருந்துவிட்டால், பெயர் வைக்கிற பழக்கம் எப்படி வளரும்?

மாட்டுக்கு இந்தக் கதி இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது, 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது, சட்டம் வந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் சரி என்றது. அந்தப் பத்து வருசத்தில் காங்கேயம், புலிக்குளம், எங்கள் டெல்டாவின் உம்பளாச்சேரி என்று சின்னப் பிள்ளைக்கும் மாட்டின் இனம் தெரிந்துபோயிற்று. நானே அப்போது மரபு, மண், உரிமை என்றெல்லாம் ஒரு நீளக் கட்டுரை எழுதினேன். அதில் ரேக்ளா குதிரையைப் பற்றி ஒரு பத்தி உண்டு. இப்போது எடுத்துப் படித்தால் அந்தப் பத்தியில் குதிரையே இல்லை. "சீறிப் பாயும்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். சீறிப் பாய்வது எது என்று எழுதவில்லை. டீக்கடைக் கதைகளைக் குறை சொல்லும் இடத்தில் இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சரி, என் கெட்டது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு வைகாசித் திருவிழாப் பந்தயம், நடுக்குதிரைப் பிரிவு. வெயில் ஏறிவிட்டது. நான் ஒரு திருப்பத்தில் நின்றிருந்தேன். திருப்பத்தில் நின்றால் வண்டி சாய்வது நன்றாகத் தெரியும் என்பதால் எப்போதும் அங்கேதான் நிற்பேன். இரண்டு வண்டிகள் ஒட்டியபடி வந்தன. உள்பக்கம் வந்த செவலைக் குதிரைக்கு முன்னங்கால் வழுக்கியது. சாலையில் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், புழுதி அடங்கட்டும் என்று. விழுந்தது. வண்டி அதன் மேலேயே ஏறி நின்றது. சாரதி தெறித்துப் போய் வயல் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்தார், அவருக்கு முழங்கை சிராய்ப்புதான். குதிரை இரண்டு முறை எழப் பார்த்தது. எழவில்லை. முன்னங்கால் தொங்கியது.

அடுத்து நடந்ததுதான் விசயம். பின்னால் வந்த வண்டிகள் விலகிப் போயின. கூட்டம் அவற்றைப் பார்க்கத் திரும்பியது. நானும் திரும்பினேன். யார் முதலில் போகிறார்கள் என்று பார்த்தேன். வெள்ளைக்குதிரை. அதைப் பார்த்துக் கத்தினேன் என்றும் நினைக்கிறேன். எத்தனை நொடி என்று தெரியாது. திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தபோது நாலைந்து பேர் வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பையன், பன்னிரண்டு பதிமூன்று வயசிருக்கும். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பட்டது. கேட்கவில்லை. மைக்கில் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மினி லாரி வந்தது. சாக்குப் போட்டு மூடி ஏற்றினார்கள்.

அந்த வருசம் ஆடி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, அதே பந்தயத்துக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேர் அதைத் தங்கள் நல்லது என்று சொன்னார்கள். பொய் இல்லை, கொடுமைக்காரர்களும் இல்லை. ஒருவர் அந்த வெள்ளைக்குதிரையின் ஆள், கடைசி வினாடியில் விலகிப் போனாரே சாரதி, அந்தக் கைவேலையைச் சொன்னார். அருமையாகச் சொன்னார். கடிவாளத்தை இடதுகையில் சுருட்டியது, உடம்பை வெளிப்பக்கம் எறிந்தது, சக்கரம் ஒரு பக்கம் தூக்கியது. அந்தக் கதையில் சாலையில் ஒரு தடங்கல் இருந்தது. அதைத் தாண்டிப் போவதுதான் சாமர்த்தியம். தடங்கல் என்ன என்று கதை கேட்கவில்லை. இரண்டாமவர் பரிசுப் பணம் கொடுப்பதில் நடந்த தகராறைக் கெட்டது என்று சொன்னார். என் முறை வந்தபோது நான் வேறொன்றைச் சொல்லிவிட்டேன். திருக்கடையூரில் என் செருப்பு தொலைந்த கதை. எல்லாரும் சிரித்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். கூச்சம் ஒரு காரணம், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டவன். ஆனால் ஒரு கதைசொல்லியாகப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிந்தது. வாக்கியம் தொடங்கவில்லை. "அந்த இன்னார் வண்டிக் குதிரை இல்ல…" என்று தொடங்கினால் கேட்கிறவர் மனசில் இன்னார்தான் வருவார். "ஐயோ, அவருக்கு நல்ல நட்டமாச்சே, ஒண்ணரை லட்சம் கொடுத்து வாங்குனது" என்பார்கள். கதை நட்டக் கணக்காகிவிடும். சித்தப்பாவால் ஊராஸி தோற்றதைச் சொல்ல முடிந்தது, செத்ததைச் சொல்ல முடிந்தது. ஒரே சொல்லில் எல்லாரும் அந்தக் குதிரையிடம் போய்விட்டோம். அந்தச் சொல் எனக்கு இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கீற்றுக் கொட்டகை, உள்ளே இன்னொரு குதிரை, கறுப்பு. உரிமையாளர் நல்ல மனிதர், திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பந்தயம் பார்க்கிற ஆள் என்று தெரிந்ததும் அரைமணி நேரம் பேசினார். கொள்ளு விலை, லாடம் கட்டுகிற ஆள் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை என்பது, பிள்ளைகள் இதையெல்லாம் விடச்சொல்வது. அந்தச் செவலையைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறியது. "அதப் பேசாதிங்க தம்பி. நாலு நாளு சோறு எறங்கல எனக்கு." பொய்யில்லை என்று தெரிந்தது. அதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேரா? செவலைன்னுதான் சொல்லுவோம். பேரு கீரெல்லாம் வக்கிறதில்ல. வச்சிட்டா அப்பறம் விக்கிறப்ப மனசு வராது."

இந்தப் பதிலை நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பெயர் வைக்காதது அசட்டையால் என்று நான் இதுவரைக்கும் எழுதிவந்ததை இந்த ஒரு வரி பாதி அடித்துவிட்டது. பெயருக்கு என்ன பலம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வைக்கவில்லை.

நான் பைக்கை எடுக்கும்போது அந்தப் பையன் பின்னாலேயே வந்தான். புல்லுக்கட்டைச் சாத்திவைத்துவிட்டு, "அண்ணே, புல்லட்டு" என்றான். என் வண்டியைச் சொல்கிறான் என்று நினைத்தேன், என்னுடையது பழைய ஸ்பிளெண்டர். "வண்டி இல்லண்ணே. செவல. நான் புல்லட்டுன்னுதான் கூப்புடுவேன். மாமாவுக்குத் தெரியாது." அவ்வளவுதான் சொன்னான். கொட்டகைக்குள் போய்விட்டான்.

போன ஆவணியில் பெஞ்சில் என் முறை வந்தபோது, நல்லது என்று எதையோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கெட்டது என்று இதைச் சொன்னேன். புல்லட் என்ற சொல்லில்தான் தொடங்கினேன். "எங்க மச்சான் வண்டிதான் ஞாபகம் வருது" என்று ஒருத்தர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டினார். திருப்பம், தண்ணீர் ஊற்றிய சாலை, முன்னங்கால், நான் வெள்ளைக்குதிரையைப் பார்க்கத் திரும்பியது, பையன், மினி லாரி, கொட்டகை. முன்பு வெள்ளைக்குதிரைக் கதையை நல்லது என்று சொன்னவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கீழே பார்த்துக்கொண்டு கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் கதையை நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அது நல்ல கதை, இப்போதும் சொல்கிறேன்.

சொல்லி முடித்ததும் யாரும் உடனே பேசவில்லை. டீக்கடை அண்ணன் பாய்லரைப் பார்க்கப் போனார். சித்தப்பா ஊருக்கு வந்திருந்தார், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அதுக்கு என்னடா வயசு?"

நான் கேட்கவில்லை.